மிங்ஜூவின் மூன்று விரல்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே தெருவில்தான் பிழைப்பு. பிங்தோங் பக்கத்தில் எங்கள் சின்ன ஊரில், ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேர் எதிரே என் காலை டிபன் கடை. கேட்டுக்கு உள்ளே, மாடியில், ஆபரேஷனுக்கு வருகிறவர்களை முன்கூட்டியே பரிசோதித்து மயக்க மருந்து தாங்குவார்களா என்று பார்க்கிற அறையில் என் மனைவி மிங்ஜூ நர்ஸ். விடிந்ததிலிருந்து நான் ‘சாப்பிடுங்க, சூடா இருக்கு’ என்று கூவிக்கொண்டிருப்பேன். அவள் மாடியில் உட்கார்ந்து ‘ஒண்ணும் சாப்பிடக் கூடாது, பச்சைத் தண்ணிகூட’ என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருப்பாள். என் வியாபாரத்தில் மண் போடுவதற்கென்றே அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். உண்மையில் எனக்கு அதில் பெருமைதான். அதைக் கடைசியில் சொல்லலாம் என்று பார்த்தால் முதல் பத்தியிலேயே வாய் முந்திக்கொள்கிறது.

கையில் ஆஸ்பத்திரிப் பட்டை கட்டிய ஆளுக்கு எதையும் விற்கக் கூடாது என்பது எனக்கு அவள் போட்ட சட்டம். ஒருநாள் பன்றிப்பண்ணைக்காரர் ஒருவர் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து ஒரு கிண்ணம் சோயா பால் கேட்டார். கிண்ணத்தை நீட்டும்போது பட்டை எட்டிப் பார்த்துவிட்டது. நான் முடியாது என்றேன். சோயா பால் தண்ணீரில் சேர்த்தி என்று அவர் வாதாடினார். என் பொறுமை போய், ரோட்டைப் பார்த்து ‘மிங்ஜூ’ என்று ஒரு சத்தம் போட்டேன். மாடி ஜன்னல் திறந்தது. “யாருய்யா அது? மயக்கத்துல வாந்தி எடுத்தா அது நேரா நுரையீரலுக்குப் போகும், தெரியுமா? மேல வாங்க!” தெரு முழுக்கக் கேட்டது. மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் குரல் ஹெங்ச்சுன் குரல். எங்கள் தீவின் தெற்கு முனையில், ஹெங்ச்சுன் ஊரில், அவள் அப்பாவுக்கு வெங்காயத் தோட்டம். குளிர்காலம் முழுக்க மலையிலிருந்து இறங்கும் காற்று அங்கே மனிதரையே தள்ளும். அந்தக் காற்றில் பாத்திக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிட வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து கத்தியாக வேண்டும். நர்சிங் பள்ளியில் சேர்ந்தபோது அவளை மூன்று முறை கூப்பிட்டுக் கண்டித்தார்களாம், மெதுவாகப் பேசு என்று. பலிக்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்று அவள் தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, “சூடா இருக்கு, பாத்து” என்று சொன்னாள். நான் பயந்து கையில் கொட்டிக்கொண்டேன்.

முதலில் ஆபரேஷன் தியேட்டருக்கு உள்ளேதான் வேலை. மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாக நோயாளியின் தலைமாட்டில் நிற்கிற வேலை. நல்ல பெயர் இருந்தது. ஒருநாள் கருப்பைக் கட்டிக்காக ஒரு பெண் வந்தாள். மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றிருக்கிறாள். பொய் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு உடம்பு தேறட்டும் என்று மாமியார் வாரக்கணக்கில் வேர்களைப் போட்டுக் கோழி சூப் வைத்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் சூப்பை மருந்து என்று யார் சொல்வார்கள்? அந்த வேர் ரத்தத்தை உறைய விடாது. கத்தி வைத்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. அந்தப் பெண் எப்படியோ பிழைத்துக்கொண்டாள். மிங்ஜூ வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் வாசல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“உள்ள போனப்புறம் யார்கிட்ட கேக்கறது? அவங்கதான் தூங்கிட்டாங்களே” என்றாள். “கேக்கறதையெல்லாம் வெளியிலேயே கேட்டு முடிச்சிடணும்.”

அடுத்த மாதமே, யாரும் விரும்பிப் போகாத அந்த முன்பரிசோதனை அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூட வேலை பார்த்தவர்கள், நல்ல இடத்தை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கிற நாற்காலிக்குப் போகிறாளே என்று உச்சுக் கொட்டினார்கள். எனக்கும் அப்போது கொஞ்சம் எரிச்சல்தான்.

அவள் கேட்கிற விதமே தனி. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்க மாட்டாள். வீட்டில் சூப் வைக்கிறது யார், அதில் என்ன போடுகிறார்கள் என்று கேட்பாள். அப்பா நாலு மாடி ஏறுவார் என்று மகன் மார்தட்டினால், மகனை உட்காரவைத்துவிட்டு அப்பாவை மட்டும் படிக்கட்டுக்குக் கூட்டிப்போவாள். ஏறும்போது பேரப் பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொல்வாள். எந்தப் பேரன் பெயரில் மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொள்வாள். குறட்டை விடுவீர்களா என்று ஆளைக் கேட்பதில் பயனில்லை என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் குறட்டை விட்டுக் காட்டச் சொல்வாள். அந்தப் பெண்கள் கூச்சமில்லாமல் விட்டுக் காட்டுவதும், அறை முழுக்கச் சிரிப்பதும் என் கடைவரை கேட்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் மூன்று விரல். மாஸ்க்கைக் கழற்றி, வாயை நன்றாகத் திறந்து, உங்கள் கையின் மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக உள்ளே வையுங்கள் என்பாள். மருந்து கொடுத்துத் தூங்கவைத்ததும் மூச்சு தானாக வராது. வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கித்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் குழாய் இறக்க வழி இருக்கும். நுழையாவிட்டால் அதை முதலிலேயே தெரிந்துகொண்டு வேறு வழி பார்க்க வேண்டும். தெரியாமல் தூங்கவைத்துவிட்டால் சில நிமிஷத்தில் ஆள் போய்விடுவார். இந்த ஊரில் பாதிப் பேர் அவள் எதிரில் வாயில் விரல் வைத்தவர்கள். சந்தைக்குப் போனால் மீன்காரன் தூரத்திலேயே அவளைப் பார்த்து மூன்று விரலை வாயில் செருகி வணக்கம் வைப்பான். நான் முறைப்பேன், அவள் சிரிப்பாள்.

இனி என் அண்ணன் தியென்ஃபூ. எங்கள் குடும்பத்துக்கே மூத்தவர். இளவயதில் காவ்பிங் ஆற்றிலிருந்து மணல் லாரி ஓட்டியவர். லாரிக்காரர்கள் தூக்கம் வராமல் இருக்கப் பாக்கு மெல்லுவார்கள். அண்ணன் மென்றதுபோல் யாரும் மென்றிருக்க மாட்டார்கள். அம்மா நோய்ப் படுக்கையில் கிடந்தபோது ஊரைக் காக்கிற வாங்யே சாமி கோயிலில் மண்டியிட்டு, அம்மா பிழைத்தால் பாக்கைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அம்மா பிழைத்தார். அண்ணன் அன்றைக்கே விட்டார். சாமியிடம் ஒப்படைத்த பழக்கத்தின் பெயரைச் சொல்வதுகூட வாக்குத் தவறியதாகும் என்று அவர் எண்ணம். அதன் பிறகு பாக்கு என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கொஞ்ச வருஷத்தில் கோயில் கமிட்டித் தலைவராகவும் ஆனார்.

தலைவரான பிறகு அவரைப் பார்க்க வேண்டுமே. பல்லைக் கடித்தபடி, மெதுவாக, எண்ணி எண்ணி நாலு வார்த்தைதான் பேசுவார். எவ்வளவு நிதானம் என்று ஊர் வியக்கும். நான் அவரைப்போலப் பேசிப்பார்க்கக் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன். கோயில் விருந்துகளில் தேநீர்க் கோப்பையோடு மேஜை மேஜையாகப் போய் எல்லோரையும் உபசரிப்பார். தான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட மாட்டார். அதையும் ஊர் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டது. நாங்களும்தான்.

போன வருஷம் அவருக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுருண்டுவிடுவார். சர்ஜன் எடுத்துவிட வேண்டும் என்றார். இலையுதிர் காலத்தில் வாங்யே சாமியின் படகு ஊர்வலம். அதற்குள் எழுந்து நடமாட வேண்டும் என்று அண்ணனுக்கு அவசரம். கோயிலில் பிறைநிலா வடிவ மரக்கட்டைகள் இரண்டைப் போட்டுக் கேட்டார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் சாமி சரி சொன்னதாகக் கணக்கு. ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மூன்று முறையும் அடுத்தடுத்து அப்படியே விழுந்தது. அதற்கு மேல் பேச்சில்லை.

முன்பரிசோதனைக்கு அவர் போனது மிங்ஜூ தன் அம்மாவைப் பார்க்க ஹெங்ச்சுன் போயிருந்த நாளில். தம்பி பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லக் கூச்சம். அன்று இருந்தவர் ஒரு இளம் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். இருமலாக இருக்கிறது, மாஸ்க்கை எடுத்தால் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அண்ணன் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லியிருக்கிறார். பாக்கு? இல்லை என்று தலையை ஆட்டியிருக்கிறார். கமிட்டித் தலைவரிடம் இரண்டாம் முறை கேட்க அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினோம். கெட்ட காலம் விலகட்டும் என்று பன்றிக்கால் போட்ட சேமியா சமைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தச் சேமியாவை நறுக்கவே கூடாது. நீளம்தான் ஆயுள். இழையை அறுத்தால் ஆயுளை அறுத்ததாகும். பிள்ளைகள் கடித்துத் துண்டாக்கினாலே திட்டு விழும். கமிட்டி ஆட்கள் நாலைந்து பேரும் கூடத்தில் இருந்தார்கள். மிங்ஜூ உதவிக்கு அடுப்படிக்குப் போனாள். நான் கூடத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படியில் அண்ணி கத்தரிக்கோலால் அண்ணன் கிண்ணத்துச் சேமியாவை நறுக்கிக்கொண்டிருந்தாராம்.

அண்ணி சாமிக்கும் சகுனத்துக்கும் நடுங்குகிறவர். புருஷனை ஆபரேஷனுக்கு அனுப்பும் வாரத்தில் அந்தக் கை கத்தரிக்கோலை எடுக்கிறது என்றால் வேறு வழியே இல்லாமல் போயிருக்க வேண்டும். ஏன் நறுக்குகிறீர்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். அண்ணி அடுப்பைக் குறைத்திருக்கிறார். பிறகு, நாலு வருஷமாக எல்லாவற்றையும் நறுக்கித்தான் கொடுக்கிறேன், வெளியே சொல்லாதே, அவருக்கு மானம் போய்விடும் என்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மிங்ஜூ ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். முன்னோர் படங்களுக்குக் கீழே நடு நாற்காலியில் அண்ணன். அவள் நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

“அண்ணா, வாயைத் தொறங்க.”

எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி மூத்தவரை இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்றுகூட நேராகக் கேட்பதில்லை. எனக்குக் காது சுட்டது. எழுந்து அவள் சட்டைக் கையைப் பிடித்தேன்.

அண்ணன் பல்லிடுக்கில் சொன்னார்: “இது ஆஸ்பத்திரி இல்லம்மா.”

“அங்க நீங்க தூங்கிடுவீங்க அண்ணா. தூங்கினவர்கிட்ட நான் என்னத்தக் கேக்கறது?” குரல் வழக்கம்போலப் பெரிதாகத்தான் வந்தது, ஆனால் நடுங்கியது. “குழா எறங்கலன்னா உங்க மூச்சு நின்னுடும். தலைமாட்டுல நின்னு அதப் பாக்க என்னால முடியாது.”

கமிட்டி ஆள் ஒருவர், பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று ஆரம்பித்தார். மிங்ஜூ அவர் பக்கம் திரும்பவே இல்லை. தன் வாயைத் திறந்து, தன் மூன்று விரல்களை அதற்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். அவள் பார்வை எனக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து அண்ணன் பேச்சைத் தட்டாதவன் நான். அவள் சட்டைக் கையை விட்டேன். கடலைத்தோல் ஒட்டியிருந்த விரல்களை அப்படியே என் வாயில் செருகிக்கொண்டேன். தாத்தா பாட்டி படத்துக்கு எதிரே, புருஷனும் பெண்டாட்டியும் வாயில் விரலோடு நின்றோம். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை மெல்ல உயர்த்தினார். ஒரு விரல். அதுவும் படுக்கைவாட்டில்தான் நுழைந்தது. அத்தனை வருஷப் பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கிவிட்டிருக்கிறது. பாக்கை விட்டாலும் அந்த இறுக்கம் விடாதாம். ஊரே மெச்சிய நிதானம் திறக்காத வாய்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுப்படி வாசலில் அண்ணி வாய்விட்டு அழுதார்.

மிங்ஜூ அங்கேயே நின்று மயக்க மருந்துத் தலைமை டாக்டர் கோ என்பவருக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனிதர். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை இறக்கிவிட்டு, அதன் பிறகு தூங்கவைக்கலாம், அதற்கான கருவியையும் ஆளையும் ஏற்பாடு செய்ய அடுத்த வாரம் ஆகும் என்றார்.

அண்ணன் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை சாமி கொடுத்த நாள், மாற்ற நான் யார் என்றார். இங்கேதான் என் மனைவியின் கெட்டிக்காரத்தனம். சாமியோடு அவள் சண்டைக்குப் போகவில்லை.

“சாமிகிட்ட முழுசாச் சொன்னீங்களா?” என்று கேட்டாள். “வாய் ஒரு வெரல்தான் தொறக்கும், அது டாக்டருக்குத் தெரியாது, அப்பவும் செவ்வாக்கெழம போகலாமான்னு கேட்டீங்களா? பாதியச் சொன்னா நாங்களே தப்பாத்தான் சொல்லுவோம்.”

அண்ணன் எழுந்து செருப்பைப் போட்டார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே கோயிலுக்குப் போனோம். அவர் மண்டியிட்டு, இத்தனை வருஷம் சொல்லாத அந்தச் சொல்லையும் சேர்த்து, பாக்கு மென்றதிலிருந்து கத்தரிக்கோல்வரை சாமியிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை போகலாமா என்று கட்டைகளைப் போட்டார். இரண்டும் மல்லாக்க விழுந்து ஆடின. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அடுத்த வாரம் போகலாமா என்று கேட்டார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. மூன்று முறையும்.

ஆபரேஷன் அன்று நான் கடையைத் திறக்கவில்லை. முழு விழிப்போடு மூக்கில் குழாய் இறங்குவது லேசான காரியமில்லை. மரத்துப்போக மருந்து கொடுத்தாலும் குமட்டும், பயம் பிடிக்கும், ஆள் திமிறினால் எல்லாம் கெடும். டாக்டர் கோவின் கை நிதானமாகக் குழாயைச் செலுத்த, பல வருஷம் கழித்து மிங்ஜூ மறுபடி ஒருவர் தலைமாட்டில் நின்றாள். அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இழுத்து மூச்சு விடுங்க அண்ணா, இன்னொண்ணு, இன்னொண்ணு என்று அவள் சொல்லச் சொல்ல விட்டாராம். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அண்ணன் மூன்றாம் நாள் நடந்தார். அவள் மணிக்கட்டில் அவர் விரல் பட்ட இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது. நான் தைலம் தடவிவிட்டேன்.

படகு ஊர்வலத்துக்கு முன்பு கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம். படகு தூக்குகிற இளவட்டங்கள், மணல் லாரிக்காரர்கள், எல்லோர் வாயும் சிவப்பு. அண்ணன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். வழக்கமான நாலு வார்த்தையை எதிர்பார்த்து எல்லோரும் கைதட்டத் தயாரானார்கள். அவர் மாஸ்க்கைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். வாயைத் திறக்கிற மட்டும் திறந்து ஒற்றை விரலைப் படுக்கைவாட்டில் வைத்துக் காட்டினார்.

“இவ்வளவுதான் தொறக்கும்” என்றார். “நிதானமாப் பேசறேன்னு நெனச்சீங்க. வாயே தொறக்கல, அவ்வளவுதான். பாக்கு.”

அவர் மைக்கை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார்.

“இந்த ஊர்ல என்னைப் பாத்து வாயத் தொறன்னு சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரல. என் தம்பி பொண்டாட்டி சொன்னா. மிங்ஜூ.” அதுவரை அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “அவ சொன்னதாலதான் இங்க நிக்கறேன். நாளைக்கு எல்லாரும் போய் அவகிட்ட வாயக் காட்டுங்க.”

கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற மிங்ஜூ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கி மேடை தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது ஆஸ்பத்திரி மதிலோரம் மணல் லாரிகள் என் கடையைத் தாண்டியும் வரிசைகட்டி நின்றன. சிவந்த பல்லோடு பெரிய பெரிய ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல, தங்களுக்குள் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடி ஜன்னல் திறந்தது. “வரிசையா வாங்க! கையக் கழுவிட்டு வாங்க!” தெருக் கடைசிவரை கேட்டது. நான் சோயா பால் ஊற்றிக்கொண்டே, அது என் பெண்டாட்டி என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன்.